ஆளுமையா, தொழில்முறையா? ஹாக்கி மேதை தியான் சந்தின் வாழ்க்கை சொல்லும் பதில்

திறமையுள்ள ஓர் ஆட்டக்காரர் திடலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? தமக்கென ஒரு பாணியோடு, மனத்தில் உள்ளதை மறைக்காமல் ஆட வேண்டுமா? அல்லது பயிற்றுநர் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு, எந்த உணர்ச்சியையும் காட்டாமல் வீடு திரும்ப வேண்டுமா?

பினாங்கில் பள்ளி, பல்கலைக்கழக ஹாக்கி ஆட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் ஒவ்வோர் ஆண்டும் தலைதூக்குகிறது. நான்கு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டு போகும் மாணவனுக்குக் கைத்தட்டல் கிடைக்கும். அடுத்த ஆட்டத்தில் பயிற்றுநர் அவனை வெளியே உட்கார வைத்துவிடுவார். பந்தை மற்றவர்களோடு பகிரவில்லை என்பதுதான் காரணம். தன் ஆட்டத்தையே அடக்கப் பார்க்கிறார்கள் என்று அவன் மனம் கசந்துபோவான். இப்படிப் பதினேழு வயதிலேயே மட்டையை மூலையில் போட்டுவிட்டுப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். இன்னொரு பக்கம், ஒரு தவறுகூடச் செய்துவிடக் கூடாது என்று அஞ்சி அஞ்சி ஆடி, ஆட்டத்தின் மகிழ்ச்சியையே தொலைத்தவர்களும் உண்டு.

நாளை நீங்கள் வேலைக்குப் போகும்போதும் இதே சிக்கல் வரும். நீங்கள் நீங்களாக இருப்பது ஆளுமை. மனநிலை எப்படி இருந்தாலும் ஏற்றுக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்து முடிப்பது தொழில்முறை. இவ்விரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுமா?

இதற்கு ஹாக்கி உலகிலேயே ஒரு பதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்தப் பதில் தியான் சந்தின் வாழ்க்கை. 1905இல் பிறந்து 1979இல் மறைந்த அவர், ஹாக்கி ஆடுவதற்காக யாரிடமும் சம்பளம் வாங்கியதில்லை. அவருடைய தொழில் இராணுவச் சேவை. ஆனால் அவரைப் போல் தொழில்முறையோடு ஆடியவர்களும் குறைவு. அவரைப் போல் தமக்கே உரிய முத்திரையைத் திடலில் பதித்தவர்களும் குறைவு.

சிப்பாயும் நிலா வெளிச்சமும்

தியான் சந்த் 1905 ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தியான் சிங். தந்தை பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் பணியாற்றியவர். அடிக்கடி ஊர் மாற்றம் வந்ததால் மகனின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுபோனது. பிறகு குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது. சிறுவயதில் அவருக்கு ஹாக்கியைவிட மல்யுத்தத்தில்தான் ஈடுபாடு அதிகம்.

1922இல், தம் பதினேழாவது பிறந்த நாளன்று, அவர் சாதாரணச் சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் ஹாக்கி அவரைப் பிடித்துக்கொண்டது. சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் அவருக்கு ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார்.

பகலில் சிப்பாய்க்கு அணிவகுப்பும் காவல் பணியும் இருக்கும். மின்விளக்குத் திடல் என்ற பேச்சே இல்லாத காலம் அது. எனவே பணி முடிந்த பிறகு, நிலா வெளிச்சத்தில் அவர் தனியே பயிற்சி செய்வார் என்பர். சந்த் என்றால் இந்தியில் நிலவு. தியான் சிங், தியான் சந்த் ஆனது அப்படித்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சிக்காக அவர் பணியை விடவில்லை. பணியைக் காரணம் காட்டிப் பயிற்சியையும் விடவில்லை. நேரமில்லை என்று சொல்வதற்கு எல்லா நியாயமும் இருந்த ஒருவர், இரவிலிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டார். எஸ்.பி.எம். தேர்வுக்கும் மாநில அணித் தேர்வுக்கும் இடையே தவிக்கும் மாணவருக்கு இது புரியும்.

விறைப்பான சல்யூட்டும் முயல் ஓட்டமும்

1926இல் இந்திய இராணுவ அணி நியூசிலாந்துக்குச் செல்லத் தேர்வு செய்யப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்ட தருணத்தைத் தியான் சந்த் பின்னாளில் தம் நூலில் நினைவுகூர்ந்திருக்கிறார். படைப்பிரிவுத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, நியூசிலாந்துப் பயணத்துக்கு அவர் தேர்வாகியிருப்பதைச் சொன்னார். இளைஞருக்கு வாயடைத்துப் போனது. குதிகாலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியேறினார். அதிகாரியின் கண்ணிலிருந்து மறைந்ததும் முயலைப் போல் ஓடினார். படைவீரர் குடியிருப்பை அடைந்து, தோழர்களிடம் செய்தியைச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. அதிகாரியின் முன்னால் முறை தவறவில்லை, அது தொழில்முறை. வெளியே வந்ததும் மகிழ்ச்சியை அடக்கவும் இல்லை, அது ஆளுமை. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் பலி கொடுக்கவில்லை. எது எங்கே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பயணத்துக்குப் புதுத்துணி வாங்கக் கையில் பெரிய பணம் இல்லை. இராணுவம் கொடுத்த உடைதான் பெரும்பாலும் அவருடைய உடை. அந்தப் பயணத்தில் இந்திய அணி 21 ஆட்டங்களில் 18இல் வென்றது. இரண்டைச் சமன் செய்தது. ஒன்றில் மட்டும் தோற்றது. அணி போட்ட கோல்கள் 192. திரும்பி வந்த தியான் சந்த், சிப்பாய் நிலையிலிருந்து லான்ஸ் நாயக் ஆனார்.

ஆம்ஸ்டர்டாம்: இரண்டு மனிதர்கள், இரண்டு வழிகள்

1928இல் இந்தியா முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கிக்கு அணி அனுப்பியது. பம்பாய்த் துறைமுகத்தில் அந்த அணியை வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். தங்கப்பதக்கத்தோடு திரும்பியபோது அதே துறைமுகத்தில் பெருங்கூட்டம் கூடியது.

அந்த அணியின் தலைவர் ஜெய்பால் சிங். சோட்டா நாக்பூரின் முண்டா பழங்குடியில் பிறந்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். இந்தியக் குடிமைப் பணியான ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தார். அன்றைய இந்தியாவில் அதைவிடப் பெரிய வேலை இல்லை என்றே சொல்லலாம். ஒலிம்பிக்கில் ஆட அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. விடுப்பில்லாமலே அவர் ஆம்ஸ்டர்டாம் சென்றார். அணி நிர்வாகத்தோடு கருத்து வேறுபாடு ஏற்பட, இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை. இங்கிலாந்து திரும்பியதும் பயிற்சிக் காலம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. அதை ஏற்க மறுத்து, ஐ.சி.எஸ். பணியையே உதறினார். பின்னாளில் பழங்குடி மக்களின் தலைவராகி, இந்திய அரசியல் நிர்ணய சபையில் அவர்களுக்காக வாதாடினார்.

தியான் சந்தின் வழி வேறு. இறுதியாட்டத்தின்போது அணியில் பலர் நோயுற்றிருந்தனர். அவருக்கும் உடல்நிலை சரியில்லை. ஆனாலும் தாம் தொழிலால் ஒரு சிப்பாய் என்ற எண்ணத்தோடு திடலில் இறங்கினார். துணைத்தலைவர் பின்னிகர் வழிநடத்த, இந்தியா 3–0 என நெதர்லாந்தை வென்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்ட கோல்கள் 29. வாங்கியது ஒன்றுகூட இல்லை. அந்த 29இல் 14 தியான் சந்தின் மட்டையிலிருந்து வந்தவை.

இருவரில் யார் சரி என்று கேட்காதீர்கள். ஜெய்பால் சிங் தமக்கு நேர்ந்தது நியாயமில்லை என்று நினைத்தார். அதற்கான விலையைத் தாமே கொடுத்தார். மற்றவர் தலையில் பழியைப் போடவில்லை. தியான் சந்துக்கோ, தலைவர் இல்லாத அணியில் தம் இடத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. இரண்டுமே ஆளுமைதான். ஒன்று ஓசையுள்ளது, மற்றது ஓசையற்றது. ஓசை எழுப்புபவருக்கு மட்டுமே ஆளுமை உண்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். (காய்ச்சலோடு ஆடுவதை இன்றைய மருத்துவர் எவரும் ஏற்கமாட்டார். அதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்.)

தம்பி முந்தியபோது

1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு முன் நடந்த மாகாணப் போட்டிகளில் ஆட இராணுவம் தியான் சந்துக்கு விடுப்பு தரவில்லை. தேர்வு ஆட்டம் ஆடாமலே அவர் அணியில் சேர்க்கப்பட்டார். அவருடைய தம்பி ரூப் சிங்கும் தேர்வானார். அணியின் தலைவர் லால் ஷா பொக்காரி. கொழும்பு, சிங்கப்பூர், ஜப்பான் வழியாகக் கப்பலில் பயணம் செய்து அவர்கள் அமெரிக்கா சேர்ந்தார்கள்.

அந்த ஒலிம்பிக் ஹாக்கியில் மூன்று நாடுகளே கலந்துகொண்டன. இந்தியா ஜப்பானை 11–1 என வென்றது. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டம் 24–1 என முடிந்தது. அந்த ஒரே ஆட்டத்தில் ரூப் சிங் 10 கோல்களும் தியான் சந்த் 8 கோல்களும் போட்டார்கள். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துத் தம்பிக்கு 13, அண்ணனுக்கு 12.

உலகமே தம்மைப் பேசிக்கொண்டிருந்த வேளையில், தம் தம்பி தம்மை முந்துவதை அவர் பார்த்தார். பந்து தம்பிக்குப் போகாமல் தடுப்பது அவருக்குக் கடினமான காரியமில்லை. ஏனென்றால் அவர் ஆடிய இடம் நடு முன்வரிசை. தாக்குதலில் பெரும்பாலான பந்துகள் அந்த இடத்தைக் கடந்தே போகும். ஆனால் பந்து தம்பிக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அவரே கோல் போடாத அவருடைய சிறந்த ஆட்டம்

இத்தனை கோல்கள் போட்டவரிடம், நீங்கள் ஆடியதில் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் எதைச் சொல்வார்? அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தையா? ஒலிம்பிக் இறுதியையா?

அவர் தேர்ந்தெடுத்தது 1933இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கிண்ண இறுதியாட்டத்தை. ஒரு பக்கம் கல்கத்தா சுங்கத்துறை அணி. இந்தியாவின் முதல்தர ஆட்டக்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். மறுபக்கம் தியான் சந்தின் ஊர் அணியான ஜான்சி ஹீரோஸ். ரூப் சிங்கையும், பம்பாய் இரயில்வேயின் இஸ்மாயிலையும் விட்டால் மற்றவர்கள் அனுபவம் குறைந்த இளைஞர்கள்.

சுங்கத்துறை அணி ஜான்சியின் கோல் வாசலில் முற்றுகையிட்டிருந்த நேரம். தியான் சந்த் திடீரென்று பந்தோடு விடுபட்டு, நடுத்திடலிலிருந்து நீண்டதொரு பந்தை இஸ்மாயிலுக்கு அனுப்பினார். இஸ்மாயில் பாதித் திடல் தூரம் ஓடினார். எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரருக்கும் கோல்காவலருக்கும் இடையே ஒரு கணம் குழப்பம். அந்த இடைவெளியில் பந்து வலைக்குள் போனது. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான்.

கோல் கணக்கில் இஸ்மாயிலின் பெயர் இருக்கும். தியான் சந்தின் பெயர் இருக்காது. ஆனாலும் அந்த ஆட்டத்தையே தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டம் என்று அவர் பதிவு செய்தார். அவருடைய ஆளுமையை முழுமையாகக் காட்டும் சான்று என்று இதைத்தான் நான் சொல்வேன். பந்தை எப்போது அனுப்புவது, யாருக்கு அனுப்புவது, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்பது அவர் மட்டுமே போடக்கூடிய கையெழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அவர் யார் என்பது தெரிந்திருந்தது.

பெர்லின்: உடைந்த பல்லும் பின்னோக்கிப் போன பந்தும்

1934 டிசம்பரில் நியூசிலாந்துப் பயணத்துக்கு அணி தேர்வானது. அணித்தலைவர் பொறுப்பு முதலில் மனவதார் நவாபுக்குத்தான் போக இருந்தது. அவர் விலகிக்கொண்டதால் தியான் சந்த் தலைவரானார். 1935இல் நடந்த அந்தச் சுற்றுப்பயணத்தில் 48 ஆட்டங்களில் அணி போட்ட 584 கோல்களில் 201 அவருடையவை. மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்கும் அவரே தலைவர்.

பெர்லினில் தொடக்கம் நன்றாக இல்லை. 1936 ஜூலை 17ஆம் நாள் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4–1 என இந்தியாவை வென்றது. அன்றிரவு தியான் சந்துக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அவர் யார் மீதும் எரிந்து விழவில்லை. தோல்விக்குச் சாக்கும் தேடவில்லை. முன்வரிசையில் எங்கே ஓட்டை என்று பார்த்தார்கள். அலி தாரா என்ற ஆட்டக்காரரை உடனே அனுப்பும்படி இந்தியாவுக்குச் செய்தி போனது. தாரா விமானத்தில் வந்து, அரையிறுதிக்கு முன் அணியில் சேர்ந்தார். ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் ஆகிய நாடுகளை வென்று இந்தியா இறுதிக்குச் சென்றது. அதுவரை ஒரு கோலும் வாங்கவில்லை.

இறுதியாட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய், ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. எதிரணி, அதே ஜெர்மனி. பயிற்சி ஆட்டத் தோல்வி எல்லார் நெஞ்சிலும் முள்ளாக இருந்தது. உடைமாற்றும் அறையில் அணி நிர்வாகிகளுள் ஒருவரான பங்கஜ் குப்தா, காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். திடலில் அவர்கள் ஆடியது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியின் கீழ். ஆனால் அறைக்குள் இந்துக்களும் இஸ்லாமியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் சேர்ந்து மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள். சரியாகப் பதினொரு ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15ஆம் நாளில் இந்தியா விடுதலை பெற்றது.

இடைவேளையின்போது இந்தியாவுக்கு ஒரு கோல் மட்டுமே முன்னிலை. திடல் ஈரமாக இருந்தது. இரண்டாம் பாதியில் தியான் சந்த் முள் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார், வேகம் கூடியது, கோல்களும் வரிசையாக வந்தன. ஜெர்மானிய அணி முரட்டுத்தனமாக ஆடத் தொடங்கியது. அவர்களுடைய கோல்காவலருடன் மோதியதில் தியான் சந்தின் பல் ஒன்று உடைந்தது.

சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவர், இன்னும் கோல் போட்டு வதைக்க வேண்டாம், பந்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதை அவர்களுக்குக் காட்டினால் போதும் என்று தோழர்களிடம் சொன்னதாகக் கூறுவர். இந்திய ஆட்டக்காரர்கள் பந்தைக் கோல் வட்டம்வரை கொண்டு போவதும், கோலடிக்காமல் பின்னால் திருப்பி அனுப்புவதுமாக இருந்தார்களாம். ஆட்டம் 8–1 என முடிந்தது.

பல் உடைந்தவர் கோபப்படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோபப்பட்டிருக்கிறார், நன்றாகவே பட்டிருக்கிறார். அந்தக் கோபம் எதிராளியின் முழங்காலுக்குப் போகாமல் பந்துக்குப் போனது. வாயால் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். பின்னோக்கிப் போன அந்தப் பந்தை இன்றும் பேசுகிறார்கள்.

இந்தப் போட்டியைச் சுற்றி இன்னும் பல கதைகள் வலம்வருகின்றன. அவருடைய மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள் என்பதுபோன்ற கதைகளும் உண்டு. அவற்றை நான் விட்டுவிடுகிறேன். நடந்தவையே போதுமான வியப்பு.

மென்மையான மனிதரின் கண்டிப்பு

தியான் சந்த் எல்லாரையும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்த சாது என்று நினைத்துவிட வேண்டாம். 1947ஆம் ஆண்டு இறுதியில் அவர் ஓர் இளம் அணியோடு கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அழைத்தவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தியான் சந்த் வர வேண்டும். அவரும் 22 ஆட்டங்களில் 61 கோல்கள் போட்டார்.

அவரோடு ஆடியவரும் பின்னர் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை வென்றவருமான கேசவ் தத் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறார். தியான் சந்த் திடலைச் சதுரங்கப் பலகையைப் போல் பார்ப்பார். தம் தோழர்கள் எங்கே, எதிரிகள் எங்கே என்பது பார்க்காமலே அவருக்குத் தெரியும் என்பது ஒன்று. மற்றொன்று, கே.டி. சிங் பாபு என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு ஒருமுறை அருமையான பந்து ஒன்றை அனுப்பிவிட்டு, தியான் சந்த் முதுகைத் திருப்பிக்கொண்டு தம் பக்கம் நடக்கத் தொடங்கிய கதை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பாபு பிறகு கேட்டார். அந்தப் பந்தில் கோல் போட முடியாவிட்டால் தம் அணியில் இருக்கவே தகுதியில்லை என்பதுதான் பதிலாகக் கிடைத்தது.

இதில் நட்பும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது. தம் வேலையைக் குறையில்லாமல் செய்தவருக்குத்தான் இப்படி முதுகைத் திருப்பும் துணிவு வரும்.

கோலாலம்பூரில் ஒரு மகன்

1956இல் தியான் சந்த் மேஜர் பதவியோடு இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருது வந்தது. பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்றுநராகப் பணியாற்றினார். 1952இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு சென்னையில் பதிப்பிக்கப்பட்டது என்பது தமிழர்களாகிய நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அவர் கதை நம் மண்ணையும் தொடுகிறது. 1975 உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான மலேசிய அணி அரையிறுதிவரை சென்றது. அந்த ஆட்டத்தில் இந்தியாவைத் திணறடித்து 2–1 என முன்னிலை வகித்து, இறுதியில் கூடுதல் நேரத்தில் 3–2 எனத் தோற்றது. நான்காம் இடம் பிடித்த அந்த அணியைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கண்கள் மின்னும்.

மார்ச் 15ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் இறுதியாட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1–1 என நின்றபோது, வெற்றி கோலை அடித்தவர் அசோக் குமார். தியான் சந்தின் மகன். பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே தெறித்ததால் அது கோல் இல்லை என்று பாகிஸ்தானியர் வாதிட்டார்கள். நடுவராக நின்றவர் நம் நாட்டின் ஜி. விஜயநாதன். அவர் கோல் என்று தீர்ப்பளித்தார். எதிர்ப்பைக் கண்டு தீர்ப்பை மாற்றவில்லை. அரங்கமே கொதித்துக்கொண்டிருந்த வேளையில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதும் தொழில்முறைதான். அந்த ஒரு முறை மட்டுமே இந்தியா ஆடவர் உலகக் கிண்ணத்தை வென்றிருக்கிறது.

தம் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதைத் தியான் சந்த் முதலில் விரும்பவில்லை. வீட்டில் வறுமை இருந்தது. ஹாக்கி சோறு போடாது என்பதை அவர் தம் வாழ்க்கையிலிருந்தே கற்றிருந்தார்.

கசப்பான முடிவு

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்ற அந்த மனிதர், 1979 டிசம்பர் 3ஆம் நாள் புதுடில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனையில், கல்லீரல் புற்றுநோயால் காலமானார். தொடக்கத்தில் அவரைச் சேர்த்திருந்தது பொதுப்பிரிவில். ஜான்சியில் அவர் ஆடிய திடலிலேயே இறுதிச் சடங்கு நடந்தது. இராணுவம் மரியாதை செலுத்தியது. இன்று அவருடைய பிறந்த நாள் இந்தியாவின் தேசிய விளையாட்டு நாள். அந்நாட்டின் உயரிய விளையாட்டு விருதுக்கு 2021இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. எல்லாம் காலம் கடந்து வந்தவை.

எனவே, ஒழுங்காக வேலை செய்தால் உலகம் தானாகவே உரிய பரிசைத் தந்துவிடும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை. தொழில்முறை என்பது ஆட்டக்காரருக்கு மட்டும் உரிய கடமையா? ஆட்டக்காரரை வைத்துப் பெயர் வாங்கும் சங்கங்களுக்கும் அரசுகளுக்கும் அது உண்டு. அவர் தம் பங்கைச் செய்தார். மற்றவர்கள் தங்கள் பங்கைச் செய்யத் தவறினார்கள். நாளை நீங்கள் சங்கத்திலோ அமைச்சிலோ பொறுப்பில் அமரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு

திடலில் இருக்கும் மாணவர்களே, உங்கள் பாணியை யாரும் பறிக்க முடியாது. அதை நீங்கள் எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தலைமுடியிலும், கோல் போட்ட பிறகு ஆடும் நடனத்திலும், சமூக ஊடகப் பதிவிலும் வைக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அவை ஆட்டம் முடிந்ததும் முடிந்துவிடும். தியான் சந்த் தம் பாணியை வேலைக்குள்ளேயே வைத்தார். தம்பிக்குப் போன பந்தில், இஸ்மாயிலுக்குப் போன பந்தில், பெர்லினில் கோல் வட்டத்திலிருந்து பின்னால் வந்த பந்தில் அது இருந்தது.

பயிற்றுநர் பந்தைப் பகிரச் சொல்லும்போது உங்களை அடக்குகிறார் என்று நினைக்காதீர்கள். யாருக்கு, எப்போது, எப்படி அனுப்புவது என்ற முடிவு உங்களுடையது. அங்கே உங்கள் முத்திரையைப் பதிக்கலாம். பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நல்ல செய்தி கேட்டு முயலைப் போல் ஓடும் பிள்ளையை ஓட விடுங்கள். முதலில் சல்யூட் அடிக்கக் கற்றிருந்தால் போதும்.

திடலில் இல்லாதவர்களுக்கும் இதுவே. ஆய்வுக்கூடத்தில், அலுவலகத்தில், கடையில், வகுப்பறையில் உங்களுக்கு ஒரு வேலை தரப்படும். அந்த வேலையைப் பார்த்தவுடன் இது இன்னார் செய்தது என்று பிறர் சொல்லும்படி செய்யுங்கள். அதற்கு நிலா வெளிச்சத்தில் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கும்.